மாத்திரைக்கும் ஒரு மண்டலம்

நாமக்கல்லிலிருந்து தொட்டியம், முசிறி வழியாகக் காவிரிக் கரையோடு திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலையில், திருச்சிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் இப்பால், குணசீலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே கோவில் கொண்டிருக்கும் பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதியில் ஒரு மண்டல காலம், அதாவது 48 நாட்கள், தங்கிக் காவிரியில் நீராடி, உச்சிக்கால பூஜையின் தீர்த்தம் முகத்தில் தெளிக்கப்பெற்றால் சித்தப் பிரமை தெளியும் என்ற நம்பிக்கையோடு, சேலம், நாமக்கல் சமவெளியின் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றன. அந்த நம்பிக்கையைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. தெய்வத்துக்கு மனமுவந்து அளிக்கும் அந்த 48 நாள் அவகாசத்தை, அதே ஜனங்கள் வைத்தியர் கொடுக்கும் மாத்திரைக்கு ஏன் அளிப்பதில்லை என்பதுதான் என்னுடைய கேள்வி.

கோவிலில் தங்குவதால் உண்டாகும் குணம் வெறும் பிரமையென்று விஞ்ஞானம் தள்ளிவிடவும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஸ்தாபனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சகாக்களும், தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் மனோவியாதி தீர்க்கும் க்ஷேத்திரமாகப் பெயர்பெற்ற முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். மருந்து எதுவும் இன்றிச் சராசரியாக ஆறு வாரம் அங்கே இருந்தவர்களின் நோய்க்குறிகள், வைத்தியர்கள் கையாளும் அளவுகோலின்படி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தாரை வைத்துக்கொள்ளாத சிறிய ஆராய்ச்சிதான் அது. ஆயினும், அச்சுறுத்தாத இடம், உடனிருக்கும் உறவினர், சிறு சிறு வேலைகள், கேலி செய்யாத சுற்றம் ஆகியவையே பலனளித்தன என்று ஆசிரியர்கள் கருதினார்கள். அது மிகையான அபிப்பிராயமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி மாத்திரையின் கதைக்கு வருவோம். மனச்சோர்வுக்கு இக்காலத்தில் பெரும்பாலும் கொடுக்கப்படும் மருந்துகள், மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் என்னும் ரசாயனத்தை, அனுப்பிய அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுக்கின்றன. முதல் மாத்திரை வயிற்றில் இறங்கிய சில மணி நேரத்திலேயே இந்தத் தடை தொடங்கிவிடுகிறது. ஆனால் நோயாளியின் மனம் அன்றைக்கே தெளிவதில்லை. திடீரென்று மிகுந்துவிட்ட ரசாயனத்தைக் கண்டு நரம்பணு முதலில் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. நாட்கள் செல்லச் செல்ல அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, அணுக்களுக்கிடையேயுள்ள தொடர்புகள் மெல்ல மெல்லத் திருந்தி அமைகின்றன என்பதே ஆராய்ச்சியாளர் பலரும் கூறும் விளக்கம். குணம் புலப்பட இரண்டு வாரமாகலாம். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். ஆறு வாரம் என்பது 42 நாள். நம் முன்னோர் வகுத்த மண்டலக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரங்கூட இல்லை!

நடப்பதோ வேறு. பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடியானவர் ஒருவர், “தூக்கமே வர்றதில்லீங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க” என்று உள்ளூர் டாக்டரிடம் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருதயப் படம் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, நரம்புத் தளர்ச்சி என்று ஊசியும் போட்டாயிற்று. ஆறு மாதம் கழித்து யாரோ சொல்லி மனநல வைத்தியரிடம் வருகிறார். காகித உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரைகளைக் கையில் வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைங்களா?” என்பது. முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டுகிறது, வாய் உலர்கிறது; பலனோ இன்னும் தெரியவில்லை. பத்தாம் நாள் உறை பரணுக்குப் போய்விடுகிறது. பக்க விளைவு முந்திக்கொண்டு வருவதும் பலன் பிந்தி வருவதும் இம்மருந்துகளின் சுபாவம் என்பதை அவருக்கு யாரேனும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த உறை அலமாரியிலேயே இருந்திருக்கும்.

“பழகிப்போயிரும்” என்ற பயமும் ஒன்று உண்டு. அந்தப் பயம் சில தூக்க மாத்திரைகளைப் பொறுத்தவரை நியாயமானதே. வைத்தியர் சொன்ன காலத்துக்கு மேல் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவை பழகத்தான் செய்யும். மனச்சோர்வு மருந்துகள் மதுவைப்போல வேட்கையை உண்டாக்குபவை அல்ல. எனினும் அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வருமாதலால், வைத்தியர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும்.

இவ்வளவு நீண்ட சிகிச்சைக்கு வைத்தியர் அருகில் இருந்தாக வேண்டும். வெகுகாலம் அப்படி இல்லை. தமிழ்நாடு முழுமைக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்து அரசு மனநோய் மருத்துவமனைதான் கதி. வசதியுள்ளவர்கள் வேலூர் பாகாயத்தில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்துக்குப் போவார்கள். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்று அங்கே வகுத்த முறை, நம் கோவில்களின் வழக்கத்தை ஒத்ததாகவே இருந்தது. ஆனால் எடப்பாடித் தறிக்காரர் மாதந்தோறும் இரண்டு பேர் கூலியைக் கைவிட்டுப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய்வருவது எங்ஙனம்? 1980-களின் பிற்பகுதியில் நிம்ஹான்ஸ் பெல்லாரி ஜில்லாவில் நடத்திய முயற்சி இதற்கு விடை காட்டிற்று: ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊழியருக்கும் பயிற்சி கொடுத்தால், பெரும்பாலான மனோவியாதிகளுக்கு ஊரிலேயே சிகிச்சை செய்யலாம். அதைப் பின்பற்றி 1996-97-இல் மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று குணசீலம் இருக்கும் அதே திருச்சி.

இப்போது அத்திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் கல்லூரி தொடங்கப்பெற்ற நாமக்கல் அரசு மருத்துவமனையிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சீட்டுக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. மனநல வைத்தியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் அடங்கிய மாவட்டக் குழு குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறது. எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை அருகிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டுக்கொள்வது நலம். அந்தத் தகவலை ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்துச் சுவரிலும் எழுதி வைக்காதது அரசாங்கத்தின் குறை என்றே சொல்வேன்.

நம் பிரதேசத்துக்கென்றே ஒரு விஷயம் உண்டு. நாமக்கல் லாரி ஓட்டுநரும், ஊர் ஊராய்ப் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளியும் வீட்டை விட்டு வாரக்கணக்கில் வடதேசத்தில் இருப்பவர்கள். மனநல மருந்துகளில் சில உறக்கத்தை வரவழைக்கும். ஆகையால் தாம் வண்டி ஓட்டுகிறவர் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர் மருந்தை மாற்றுவார், அல்லது வேளையை மாற்றுவார். சொல்லாமல் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

நம்பிக்கைத் தலங்களின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, மனோவியாதி தீர வேண்டி ஜனங்கள் நாடும் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடுப்பதோடு, மனநல சிகிச்சையை ஒவ்வொரு குடிமகனின் உரிமையாகவும் ஆக்கியிருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று துவா என்னும் பிரார்த்தனையும் நடக்கிறது, மருந்தும் கொடுக்கப்படுகிறது. பிரார்த்தனை செய்யாதே என்று எந்த நல்ல வைத்தியரும் சொல்வதில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் பூசாரியையும் மந்திரவாதியையும் மட்டும் நாம் நம்பவேண்டியதில்லை.

வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமலோ, பேசாமலோ, பசியின்றியோ இருந்தால், பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, அவரை நாள்தோறும் கூட இருந்து பார்க்கும் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கொடுத்த மருந்தைக் குறைந்தது ஒரு மண்டலம் விடாமல் கொடுங்கள்; அதன் பிறகும் வைத்தியர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றி அவர் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அவரைத் தனியே விடவும் வேண்டாம். போக முடியாத நேரமாயிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலேயே பதில் சொல்வார்கள்.