கப்பலேற்றப்பட்ட பத்திராதிபர்கள்

காலை வேளையில் கடம்பத்தூரிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். அரக்கோணம் வண்டி வில்லிவாக்கத்தைத் தாண்டுவதற்குள் நாலு மந்திரிகளைப் பதவியிலிருந்து இறக்கிவிடுவார்கள்! கையில் ஒரு பத்திரிகை இருந்தால் போதும். கும்பினி சர்க்கார் காலத்தில் இவ்வளவு தாராளமாகப் பேச முடியாது. எழுதினவரைப் பிடித்துச் சீமைக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றியும் இருக்கிறார்கள்.

சென்னைக்கு அச்சு இயந்திரம் வந்ததே யுத்தத்தின் கொள்ளைப் பொருளாகத்தான். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர், அங்கே பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த அச்சு இயந்திரத்தையும் தூக்கி வந்தார்கள். வந்த பிறகுதான், அதை ஓட்டத் தெரிந்த ஆள் கோட்டையில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது! வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரிஷியஸிடம் கொடுத்தார்கள். சர்க்கார் வேலை வந்தால் முதலில் அதைச் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரோ அந்த அச்சுக்கூடத்தில், 1779-ல், தமிழ்–ஆங்கில அகராதியே போட்டுவிட்டார்.

மறு வருஷம், ஜனவரி 29-ந் தேதி சனிக்கிழமை, கல்கத்தாவில் இந்தியாவின் முதல் செய்திப் பத்திரிகை பிறந்தது. நடத்தியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. கடனுக்காகச் சிறையில் இருந்தபோது அச்சுத் தொழிலில் இறங்கியவர். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், பிரதம நீதிபதி இம்பே, பாதிரிமார் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. ஹேஸ்டிங்ஸின் மனைவியைக்கூடச் சீண்டினார். (வீட்டுப் பெண்களை இழுக்காமலே அரசியல் எழுதலாம் என்பது நம் அபிப்பிராயம்!) அதே வருஷம் நவம்பரில் அவர் பத்திரிகையைத் தபாலில் எடுத்துச் செல்லக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஹிக்கி சளைத்தாரா? சொந்தமாகச் சேவகர்களை வைத்து வீடு வீடாகப் போடச் சொன்னார். 1781-ல் சிறை. அவர் திட்டிய அதே இம்பேயின் கோர்ட்டில்தான் விசாரணை! சிறையிலிருந்தும் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கடைசியில், 1782 மார்ச்சில், அச்செழுத்துக்களையே பறிமுதல் செய்த பிறகுதான் நின்றது.

சென்னையின் முதல் பத்திரிகை வேறு ரகம். 1785 அக்டோபர் 12-ல் 'மெட்ராஸ் கூரியர்' வாரப் பத்திரிகையை ஆரம்பித்த ரிச்சர்டு ஜான்ஸ்டன், சர்க்காரின் அச்சுக்காரர். வம்புக்குப் போவாரா?

வம்பு செய்தவர் ஹம்ப்ரீஸ். 1795-ல் அனுமதி கேட்காமலே 'இந்தியா ஹெரால்டு' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சர்க்காரையும் வேல்ஸ் இளவரசரையும் அவதூறாக எழுதினார் என்று குற்றம் சாட்டிக் கைது செய்து, சீமைக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் ஆசாமி கப்பலிலிருந்தே தப்பி ஓடிவிட்டார்!

நாடு கடத்துவது அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கும்பினியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த வெள்ளைக்காரரும் இங்கே குடியிருக்க முடியாது. சீட்டை ரத்து செய்தால் போதும். வழக்கு, வக்கீல் ஒன்றும் வேண்டாம். 1799-ல் திப்புவுடன் யுத்தம் மூண்டபோது வெல்லெஸ்லி இன்னும் இறுக்கினார். சர்க்கார் காரியதரிசி பார்த்து அனுமதிக்காமல் எதையும் அச்சிடக் கூடாது, மீறினால் கப்பல்தான்.

1823-ல் அந்தக் கப்பல் ஏறியவர் 'கல்கத்தா ஜர்னல்' பக்கிங்ஹாம். ஒரு பாதிரியாருக்குச் சர்க்காரில் காகிதம், மை வாங்கும் உத்தியோகம் கொடுத்ததைக் கேலி செய்தது அவர் குற்றம். சீமை போனவர், 1832-ல் பார்லிமெண்டு அங்கத்தினராகிவிட்டார்! அவரைத் துரத்திய கையோடு, லைசென்ஸ் இல்லாமல் பத்திரிகையே நடத்தக் கூடாதென்று சட்டம் வந்தது. நம்மவர்களையும் அது கட்டியது. ராஜாராம் மோகன்ராய், அந்த லைசென்ஸுக்காகக் கைகட்டி நிற்க மனமில்லாமல், தம் பாரசீகப் பத்திரிகையை நிறுத்தியே விட்டார்.

தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக வந்த மெட்காப்தான் 1835-ல் இந்தக் கட்டுகளை அவிழ்த்தார். அச்சிடுகிறவர், வெளியிடுகிறவர் பெயரைப் பதிவு செய்தால் போதும் என்றார். கும்பினி டைரக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. மெட்காப் எதிர்பார்த்த சென்னைக் கவர்னர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. 1838-ல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அவரும் கப்பலேறினார்.