செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தேநீர்

மாணிக்கக்கல் வியாபாரத்திற்காகப் பேருவளையிலிருந்து பேங்கொக்கிற்கும் சந்தபுரிக்கும் போய்வருபவர்கள் நம்மில் பலர். அப்படிப் போய்வந்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்த தேயிலைப் பெக்கட் ஒன்றுடன், ரமழானுக்குச் சில நாட்கள் முன்பு அவரது மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொதிநீரில் போட்டதும் பூசணிக்காய் நிறத்தில் சாயம் இறங்கியதாம். "ஹஸரத்திடம் கேட்டுச் சொல்லுங்கோ, இது தேயிலையா, சாயமா? நோன்பு திறக்கப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

தேயிலையும்தான், சாயமும்தான். தாய்லாந்தின் வடக்கு மலைகளில் தேயிலைச் செடி பழங்காலந் தொட்டே உண்டு. அங்குள்ளோர் அதன் இலையை அவித்துப் புளிக்க வைத்து, 'மியாங்' என்று வெற்றிலை போல மெல்லுவார்கள். டின்பாலும் ஐஸும் சேர்த்த 'சா யென்', அதாவது குளிர்ந்த தேநீர், பிற்காலத்தது. பெருவிரல் உயர்த்திய கைச் சின்னத்துடன் வரும் 'சா திரா மூ' 1945இல் தொடங்கிய நிறுவனம். தெற்கே பட்டாணி, யால, நராத்திவாத் பகுதி முஸ்லிம்களின் கடைகளில் ரொட்டியுடன் 'சா சக்' கிடைக்கும். அது நம்மூர்த் தேநீர்க் கடைகளில் போல உயர்த்தி ஆற்றித் தரும் சூடான பால் தேநீர்.

நிறத்திற்கு வருவோம். எந்தத் தேயிலையும் தானாக அந்தச் செம்மஞ்சளைத் தராது. பல பெக்கட்டுகளில் சேர்க்கப்படுவது சன்செட் யெலோ என்னும் செயற்கை நிறம். அதன் எண் 110. பெற்றோலியத்திலிருந்து பெறும் பொருட்களால் செய்யப்படுவது, மிருகக் கலப்பில்லை. உணவில் அடிப்படை ஆகுமானது என்பதே பிக்ஹு விதி. ஆகவே நிறத்தை மட்டும் வைத்து ஹராம் என்று சொல்ல இடமில்லை. 120 என்ற எண்ணைக் கண்டால் அது வேறு. பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வாசனைப் பொருள் எதில் கரைக்கப்பட்டது என்பதே பேணுதலுக்குரிய கேள்வி. அதற்காகத்தான் முத்திரையைத் தேடச் சொல்கிறேன். தாய்லாந்து மத்திய இஸ்லாமிய சபையின் அடையாளம் ஒரு சாய்சதுரம். அதனுள் 'ஹலால்' என்று அரபு எழுத்து இருக்கும். தாய் எழுத்து நமக்குக் கோலம் போலத் தெரிந்தாலும், குர்ஆன் ஓதும் பெண்கள் இந்த ஒரு சொல்லை வாசித்துவிடுவார்கள். சகோதரியின் பெக்கட்டில் முத்திரையும் இருந்தது, 110உம் இருந்தது.

ஆகுமானது என்பதால் சிறுவருக்கு நாள்தோறும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. 2007இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்த பின், 110 உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த உணவில் 'பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற கருத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2010 முதல் ஐரோப்பாவில் சட்டமுண்டு. பெரியவர்கள் எப்போதாவது குடிக்கட்டும். பிள்ளைகளுக்கு நம் தேயிலையிலேயே போட்டுக் கொடுங்கள் என்றேன்.

எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்த முறை இது. மூன்று கோப்பைத் தண்ணீரில் ஒரு விரல் அளவு கறுவா, தட்டிய ஏலம் மூன்று, அன்னாசிப்பூ ஒன்று போட்டுக் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, ஆறு தேக்கரண்டி டஸ்ட் தேயிலை போட்டு மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். தேயிலையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசக்கும். துணி வடியில் வடித்து, சூடு ஆறுமுன் ஐந்து மேசைக்கரண்டி டின்பாலைக் கலக்குங்கள். சாயம் கடுமையாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம், ஐஸ் உருகும்போது சரியாகிவிடும். ஆறியபின் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றி, கெட்டியாகக் கரைத்த பால்மாவை மேலே மெதுவாக விடுங்கள். நான்கு பேருக்குக் காணும். வெனிலா எசன்ஸ் வேண்டாம்; சில வகைகள் மதுசாரத்தில் கரைத்தவை. டின்பாலில் பாதிக்கு மேல் சீனிதான், தனியாகச் சீனி போடாதீர்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் பாலும் சீனியும் இல்லாமல் தேசிக்காய் பிழிந்து கொடுக்கலாம். தாய்லாந்திலும் தேசிக்காய்த் தேநீர் உண்டு, 'சா மனாவ்' என்பார்கள். ஆனால் அவர்கள் அதற்கும் சீனியை அள்ளித்தான் போடுகிறார்கள்.

அந்தச் சகோதரியின் சின்ன மகன், நிறம் காணாது என்று முதல் நாள் கிளாஸைத் தள்ளிவிட்டானாம். மறுநாள் ஐஸைக் கூட்டிப் போட்டதும் தாத்தாவின் பங்கையும் சேர்த்துக் குடித்திருக்கிறான்.