மெனு கார்டில் ஒரு சரித்திரம்!

உலக மேப்பை எடுங்க. பூட்ஸ் மாதிரி இருக்குற இத்தாலி. அதன் நுனியில் சிசிலி. அதுக்குக் கீழே, பேனா மை சிந்தின மாதிரி ஒரு புள்ளி தெரியுதா? அதான் பாஸ் மால்டா!

மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆனா அரேபியர், நார்மன்கள், புனித ஜான் சபை வீரர்கள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர்னு வந்து ஆண்டவங்க லிஸ்ட் ரொம்பப் பெருசு. யார் யார் வந்தாங்கன்னு தெரிஞ்சுக்க ஹிஸ்டரி புக் வேணாம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே போதும்.

கி.பி. 870-ல் அரேபியர் வந்தாங்க. பேரீச்சம்பழ விழுதை மாவுக்குள் வச்சு, டைமண்ட் ஷேப்பில் வெட்டி, எண்ணெயில் பொரிக்கிற 'இம்அரெத்' அவங்க கைவண்ணம். மால்டா மொழியில் ரொட்டிக்குப் பேரு 'ஹோப்ஸ்'. வளைகுடாவில் வேலை பார்க்குற அண்ணனோ மாமாவோ 'குபூஸ்' பத்திச் சொல்லியிருப்பாங்களே... ரெண்டுக்கும் ஒரே அரபு வேர்தான்!

மாவுக்கூட்டுக்குள் மக்ரோனியை வச்சு பேக் பண்ற 'திம்பானா', கத்திரிக்காயும் தக்காளியும் சேர்ந்த 'கப்புனாத்தா', ரெண்டும் பக்கத்து வீட்டு சிசிலி கொடுத்த சீர். 'பஸ்டிட்ஸி' இருக்கே, அது நம்ம கேன்டீன் பஃப்ஸுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். லேயர் லேயரா மாவு, உள்ளே ரிக்கோட்டா சீஸ் இல்லேன்னா பட்டாணி மசியல். கூடவே கண்ணாடி கிளாஸில் சூடா பால் டீ. டீ யார் பழக்கினதுன்னு சொல்லணுமா என்ன?

முயல் கறியை ஒயினும் பூண்டும் போட்டு நிதானமா வேகவைக்கிறது மால்டாவின் ஸ்பெஷல். சபை வீரர்கள் ஆட்சியில் (1530-1798) முயல் வேட்டைக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு. 'தொடாதே'ன்னு சொன்ன அதே முயல்தான் இன்னிக்கு அந்த நாட்டோட தேசிய உணவு!

ஆனா, மால்டாக்காரங்க உயிரா நினைக்கிறது ரொட்டியைத்தான். முதல் உலகப் போர் முடிஞ்சதும் ரொட்டி விலை எகிறிடுச்சு. 1919 ஜூன் 7-ல் தலைநகர் வல்லெட்டாவில் ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. பிரிட்டிஷ் படை ஆயுதத்தைத் தூக்க, அந்தக் கலவரத்தில் 4 பேர் உயிரிழந்தாங்க. இன்னிக்கும் ஜூன் 7 அங்கே தேசிய நாள்.

அடுத்த சோதனை 1942. மேலே குண்டுமழை, கடலில் முற்றுகை. ரொட்டிக்கு ரேஷன், சாப்பாட்டுக்குப் பொது சமையற்கூடத்தில் க்யூ. ஆகஸ்டில் உதவிக்குக் கிளம்பின 14 சரக்குக் கப்பல்களில் வந்து சேர்ந்தது 5-தான். அந்த அஞ்சுதான் தீவைக் காப்பாத்துச்சு!

புளிச்ச மாவில் சுடுற அவங்க தட்டை ரொட்டிக்கு 'ஃப்திரா'ன்னு பேரு. தக்காளி, ஆலிவ் எண்ணெய், டூனா மீன் வச்சுச் சாப்பிடுவாங்க. 2020-ல் யுனெஸ்கோ அதைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துச்சு.

'இன்னிக்கும் அதே சப்பாத்தியா?'ன்னு ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டைத் தள்ளுறதுக்கு முன்னாடி, அந்த 1942 க்யூவை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. இதை எழுதின ராத்திரி நான் நினைச்சேன். மிச்சம் வைக்கலை பாஸ்!