செம்பாசியின் ஒளியில் ஒரு மூட்டுவலி

காய்ச்சல் ஐந்தாறு நாளில் தணிந்துவிடும்; வலி தணிவதில்லை. பாலராமபுரத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவே, தென்னையும் மரச்சீனியும் செழித்த மேட்டு நிலத்தில் தொடங்கி அடிமலைத்துறையின் மணற்கரையில் முடிகிற கோட்டுகால் கிராமத்தில் சிக்குன்குனியா என்ற பெயரைச் சொன்னால், வயதில் மூத்தவர்கள் இன்றும் முதலில் தங்கள் மணிக்கட்டைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். விடியற்காலையில் எழுந்ததும் மீன்கூடையைத் தூக்க முடியாமல், விரல்களை வெந்நீரில் அமிழ்த்தி ஒவ்வொன்றாக மடக்கிப் பழக்கிய பிறகே சந்தைக்குப் புறப்பட்ட பெண்களும், கை குவியாத காரணத்தால் தேங்காய் உரிக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு மாதக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்களும் இக்கடலோரப் பிரதேசத்தில் அநேகர். காய்ச்சல் விட்ட பின்னர் இவர்களுடைய இரத்தத்தைப் பரிசோதித்தால் வைரஸ் அகப்படாது. எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் விசேஷமாக எதுவும் தென்படாது. ஆகவே, நோயாளி படுகிற துன்பம் பிரத்தியட்சமாயிருக்க, அத்துன்பத்துக்குச் சாட்சி சொல்ல ஆய்வுக் காகிதத்தில் ஓர் எண்கூட இல்லாத விபரீதமான நிலை நெடுநாள் நீடித்தது. அந்தச் சாட்சியத்தைத் தேடும் மார்க்கத்தையே இந்த வாரம் சொல்லப் புகுகிறேன்.

1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இவ்வியாதி, 1963இல் கல்கத்தாவையும் 1964இல் சென்னையையும் தாக்கியது; 1973க்குப் பிறகு ஏறக்குறைய முப்பதாண்டு காலம் நம் நாட்டில் அடங்கிக் கிடந்து, 2005இன் இறுதியில் மீண்டும் தலைதூக்கி, 2006இல் ஆலப்புழைப் பகுதியையும் 2007இல் கேரளத்து ரப்பர்த் தோட்டப் பகுதிகளையும் பிடித்துக்கொண்டது. 2007ஆம் வருஷத்து வைரஸின் மேலுறைப் புரதமொன்றில், 226ஆம் இடத்தில் அலனின் போய் வாலின் வந்து அமர்ந்திருந்ததையும், அந்த ஒரே மாற்றத்தால் ரப்பர்ச் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் பெருகுகிற ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குள் அது முன்னிலும் சுலபமாகக் குடிபுக முடிந்ததையும் விஞ்ஞானிகள் கண்டார்கள். திருவனந்தபுரத்து ராஜீவ்காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தினர், கேரளத்தில் 2006 முதல் 2008 வரை கிடைத்த வைரஸ்களின் மரபுத்தொடரை முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். வைரஸின் கதை இவ்வாறு துலங்கிற்று. வலியின் கதை அத்தனை எளிதில் துலங்கவில்லை.

உடலின் உயிரணுக்கள் ஒன்றையொன்று ஏவுவதற்காகச் சுரக்கும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். அவற்றுள் அழற்சியை மூட்டிவிடுகிற பிரதானமான ஒன்று இன்டர்லூகின்-6. 1986இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் டாடமிட்சு கிஷிமோட்டோவும் டோஷியோ ஹிரானோவும் அவர்களைச் சேர்ந்தோரும் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 184 அமினோ அமிலங்களாலான இச்சிறு புரதம் ஈரலை ஏவிச் சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. மூளைக்குச் செய்தி எட்டச் செய்து காய்ச்சலை எழுப்புகிறது. மூட்டின் உட்சவ்வில் நிலைகொண்டால் வீக்கத்தையும் வலியையும் வளர்க்கிறது. இவ்வளவு காரியங்களைச் செய்கிற அது, ஆரோக்கியமான ஒருவருடைய ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் சில பிக்கோகிராம் அளவே இருக்கிறது. ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். அதே சீரத்தில் ஆல்புமின் என்ற சாதாரணப் புரதம் இதைப்போல ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு நிறைந்திருக்கிறது என்று சொன்னால், தேடுகிறவனுடைய சங்கடம் ஒருவாறு விளங்கும்.

இத்தேடலுக்குக் கருவியாகிற எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே இலக்கைப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சென்ற வாரங்களில் கண்டோம். ஆனால், பற்றிக்கொண்டதை நாம் எவ்வாறு அறிவது? கடலுக்குள் தாழ்ந்து கிடக்கும் வலையின் இருப்பிடத்தை நீர்மேல் மிதக்கும் கட்டை காட்டிக்கொடுப்பதுபோல, கண்ணுக்குப் புலப்படாத எதிர்ப்பொருளோடு கண்ணுக்குப் புலப்படும் ஏதேனும் ஒன்றைப் பிணைத்துவிட்டால் போதுமல்லவா என்ற எண்ணம், 1939ஆம் ஆண்டுக் கோடையில், பெர்லின் நகரத்தில் தங்கியிருந்த ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க இளம் மருத்துவருக்கு உதித்தது. அப்போது அவர் சிந்தித்துக்கொண்டிருந்ததும் மூட்டுகளைப் பீடிக்கும் ஒரு வியாதியைப் பற்றியேதான் என்பது என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிச் சில வாரங்கள் சென்ற பின் மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிற வாதக் காய்ச்சலில், இருதயத் தசையில் ஆஷாஃப் முடிச்சுகள் என்ற சிறு திரட்சிகள் தோன்றுகின்றன; அவற்றினுள்ளே அக்கிருமியின் மிச்சம் ஏதேனும் தங்கியிருக்குமோ என்று சந்தேகித்த கூன்ஸ், அந்த மிச்சத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுக்குச் சாயமேற்றித் திசுவின்மீது விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று கருதினார்.

ஹார்வர்டுக்குத் திரும்பியதும், இரசாயன அறிஞர்களான ஹியூ கிரீச், நார்மன் ஜோன்ஸ் ஆகியோருடைய துணையைப் பெற்று, ஆந்த்ரசீனிலிருந்து பெற்ற ஒரு சேர்மத்தை எதிர்ப்பொருளோடு பிணைத்தார். நியூமோகாக்கஸ் கிருமியின்மீது அதைப் பிரயோகித்தபோது கிருமிகள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தன. 1941இல் அச்செய்தி வெளியாயிற்று. ஆயினும் திசுவில் அதைப் பயன்படுத்தியபோது ஒரு தடை குறுக்கிட்டது: திசுவும் தன்னியல்பாகவே நீலமாக ஒளிர்ந்தது. சாயத்தின் நீலம் எது, சதையின் நீலம் எது என்று பிரிக்க இயலாமற்போகவே, பச்சையாக ஒளிர்கிற ஃபுளூரசீனுக்கு மாறினார்கள். அப்பால் உலக யுத்தம் அவரை ராணுவ மருத்துவராக அழைத்துக்கொண்டது. அது முடிந்து திரும்பிய பின்னரே இந்த முறை உலக ஆய்வுகூடங்களுக்கெல்லாம் பரவிற்று. தொடக்கத்திலேயே குறுக்கிட்ட அந்தத் தடையை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன். ஒளியைக் காண்பது ஒரு காரியம். அது எதனுடைய ஒளி என்று நிரூபிப்பது முற்றிலும் வேறொரு காரியம். இத்துறையின் கஷ்டமும் கௌரவமும் இரண்டாவதில்தான் அடங்கியிருக்கின்றன.

ஃபுளூரசீனின் ஒளி, கிருமிகள் போன்ற பெரிய இலக்குகளுக்குப் போதுமாயிருந்தது. உயிரணுவுக்குள் சொற்பமாக இருக்கும் சைட்டோகைனைக் காட்ட அதனினும் பிரகாசமான ஒன்று தேவைப்பட்டது. அதைக் கடற்பாசி கொடுத்தது. நீருக்குள் ஆழம் செல்லச் செல்லச் சூரிய ஒளியின் சிவப்பு மங்கி, நீலமும் பச்சையுமே எஞ்சுகின்றன. அந்த எஞ்சிய ஒளியை உண்டு வாழ்வதற்காகச் செம்பாசிகள் ஃபைக்கோஎரித்ரின் என்ற சிவந்த நிறப்புரதத்தை வைத்திருக்கின்றன. பாசியின் உடலுக்குள் இருக்கும்வரை, தான் வாங்கிய ஒளியின் சக்தியை இப்புரதம் சேதமின்றிப் பச்சையத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. அதைத் தனியே பிரித்தெடுத்துவிட்டாலோ, சக்தியைக் கைமாற்ற இடமில்லாமல், வாங்கியதைச் செம்மஞ்சள் ஒளியாக வெளியே கொட்டிவிடுகிறது. இந்த இயல்பை எதிர்ப்பொருளுக்கு அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று வெர்னன் ஓயி, அலெக்சாண்டர் கிளேஸர், லூபர்ட் ஸ்ட்ரையர் ஆகிய மூவரும் 1982இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். விழிஞ்ஞத்துப் பாறைகளில் அலையடிக்கும் இடங்களில் கருஞ்சிவப்பாகப் படர்ந்து, மீன்பிடிக்கப் போகிறவர்களின் கால் வழுக்கச் செய்கிற பாசிகளிலும் இந்த வர்க்கத்து நிறப்புரதம் உண்டு. இன்று உலகெங்கும் இன்டர்லூகின்-6ஐத் தேடும் எதிர்ப்பொருள்களில் கணிசமானவை இந்தக் கடல்நிறத்தைச் சுமந்தவையே. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டறிந்த முறைப்படி, ஒரே அச்சில் வார்த்தவைபோன்ற எதிர்ப்பொருள்களை வேண்டுமட்டும் உண்டாக்கிக்கொள்ளவும் முடிகிறது.

ஆய்வுகூடத்தில் வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்துக் கிருமிச் சுவரின் நஞ்சு ஒன்றைச் சிறிதளவு சேர்த்துத் தூண்டினால், அவற்றுள் மோனோசைட்டுகள் என்ற வகை இன்டர்லூகின்-6ஐச் சுரக்கத் தொடங்குகிறது. சுரந்தது உடனே வெளியேறிவிட்டால் எந்த அணு சுரந்தது என்று சொல்ல வழியில்லை. ஆதலின், ப்ரெஃபெல்டின் என்ற பூஞ்சைப் பொருளைக் கலந்து வெளியேறும் வாயிலைச் சில மணி நேரம் அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஃபார்மால்டிஹைடு இனத்து மருந்தால் அணுக்களை இருந்தபடியே நிலைநிறுத்தி, சப்போனின் கொண்டு அவற்றின் சவ்வில் நுண்ணிய துவாரங்களை உண்டாக்கி, அத்துவாரங்கள் வழியே சாயமேற்றிய எதிர்ப்பொருளை உள்ளே அனுப்புகிறார்கள். எம்க்யூ2-13ஏ5 என்ற பெயருடைய, எலியிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் இதற்கு வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. அறையின் விளக்கைத் தணித்து, குழாய்களை அலுமினியத் தாளால் சுற்றி வைக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துப்போகும். சாயமேற்றிய எதிர்ப்பொருளை உறையவைக்கவும் கூடாது. ஒருமுறை உறைந்தால் ஃபைக்கோஎரித்ரின் சிதைந்துவிடும் என்பதனால், புதிதாக வேலைக்கு வரும் மாணவருக்கு, அந்தக் குப்பியைக் குளிர்பெட்டியின் எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்பதே முதற்பாடமாக இருக்கிறது. கடைசியில், ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவிக்குள் அணுக்கள் ஒற்றை வரிசையாக ஓட, 488 நானோமீட்டர் லேசர் ஒவ்வொன்றின்மீதும் பட்டு, 575 நானோமீட்டர் அளவில் வெளிப்படுகிற ஒளியைக் கருவி அணுவாரியாகப் பதிந்துகொண்டே போகிறது.

திரையில் புள்ளிகள் வலப்புறம் திரண்டதும் மகிழ்ந்துவிடுகிறவர் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவர் அல்லர் என்றே நான் கருதுகிறேன். மோனோசைட்டின் மேற்பரப்பில், எந்த எதிர்ப்பொருளானாலும் அதன் வாற்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைந்திருக்கின்றன. இன்டர்லூகின்-6 அங்கே அணுவளவும் இல்லாவிடினும் அந்த அணு ஒளிரும். செத்த அணுக்கள் சாயத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு ஒளிரும். எதிர்ப்பொருளே சேர்க்காத அணுவும் தன் சொந்த ஒளியைச் சிறிது காட்டும். எனவே, அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்து, செத்த அணுக்களை வேறொரு சாயத்தால் பிரித்து விலக்கி, அதே எலியினத்தின் அதே வகுப்பைச் சேர்ந்ததும் ஆனால் எதையும் தேடாததுமான எதிர்ப்பொருளைப் பக்கத்துக் குழாயில் வைத்து ஒப்பிட்டு, தூண்டாத அணுக்களையும் கூடவே ஓட்டிப் பார்க்கிறார்கள். நான் மிகவும் மதிப்பது வேறொரு சோதனை: சாயமேறாத அதே எதிர்ப்பொருளை முதலில் மிகுதியாக விட்டு இலக்குகளையெல்லாம் நிரப்பிய பின் சாயமேற்றியதை விடுகிறார்கள். அப்போது ஒளி அணைய வேண்டும். அணையாவிட்டால், முதலிற்கண்ட ஒளி இன்டர்லூகின்-6இன் ஒளி அன்று. அன்றைய உழைப்பு முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

சீரத்தில் நேராக அளக்கும் எலைசா முறையில் சாயத்துக்குப் பதிலாக என்சைம் இருக்கிறது. 96 குழிகளுள்ள பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஓர் எதிர்ப்பொருளைப் பதித்து, சீரத்தை ஊற்றி, அகப்பட்ட சைட்டோகைனின்மேல் என்சைம் தாங்கிய இரண்டாம் எதிர்ப்பொருளை விட்டால், குழிகள் நீலமாகி, அமிலம் பட்டதும் மஞ்சளாகின்றன. மஞ்சளின் அடர்த்தியே அளவு. மூட்டுநோய் ஆராய்ச்சியாளருக்கு இங்கே தனிப்பட்ட அபாயம் ஒன்று காத்திருக்கிறது. முடக்குவாதக்காரர் பலருடைய இரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர் என்ற, எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்கிற எதிர்ப்பொருள் உண்டு. அது, கீழே பதித்ததையும் மேலே விட்டதையும் நடுவில் சைட்டோகைன் இல்லாமலே பாலம்போல இணைத்துவிடும். குழி மஞ்சளாகும், எண் பெரிதாக வரும், ஆனால் அந்த எண் பொய். எந்த நோயாளிகளிடம் அழற்சியை அளக்க விரும்புகிறோமோ அவர்களிடமே இந்தப் பொய் மிகுதியாகத் தலைகாட்டக்கூடும். சீரத்தை நீர்க்கச் செய்து, நீர்த்த விகிதத்துக்கு ஏற்றபடி எண்ணும் குறைகிறதா என்று பார்ப்பதும், பாலமிடும் பொருளைத் தடுக்கும் சீரத்தைச் சேர்ப்பதும் இதற்குப் பரிகாரங்கள். இரத்தமெடுத்த குழாயை வெகுநேரம் மேஜையில் விட்டுவைத்தால், உள்ளிருக்கும் வெள்ளணுக்கள் குழாயிலேயே இன்டர்லூகின்-6ஐச் சுரந்து கணக்கைக் கெடுத்துவிடலாம் என்பதும், தூரத்துக் கடற்கரைக் கிராமங்களில் இரத்தம் சேகரிப்பவர்கள் சதா கருத்தில் கொள்ள வேண்டிய விஷயம்.

இத்தனை சந்தேகங்களுக்கும் விடை கண்ட பின் கிடைத்த எண்கள் என்ன சொல்லின? 2008இல் சிங்கப்பூரில் சிக்குன்குனியா பரவியபோது, லிசா இங் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் இரத்தத்தில் பல சைட்டோகைன்களை ஒருங்கே அளந்து, நோய் கடுமையாக இருந்தவர்களிடம் இன்டர்லூகின்-1பீட்டாவும் இன்டர்லூகின்-6உம் உயர்ந்திருந்ததை 2009இல் வெளியிட்டார்கள். 2011இல் அங்கிருந்தே வந்த ஆய்வொன்று, மூட்டுவலி நீடித்தவர்களிடம் இன்டர்லூகின்-6உம் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற மற்றொரு சைட்டோகைனும் மிகுந்திருந்ததாகக் கூறிற்று. உயர்ந்திருந்தது என்பதனாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். இன்டர்லூகின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் முடக்குவாதத்துக்கு மருந்தாக ஏற்கப்பட்டு, பின்னர் கொரோனாக் காலத்தில் நம் ஆஸ்பத்திரிகளிலும் பெயர் பெற்றது. அதைக்கொண்டு சிக்குன்குனியா வலிக்காரரின் மூட்டைக் குணப்படுத்திவிடலாம் என்று இந்த எண்களை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது.

அந்த எண்ணை யார் உயர்த்திவைக்கிறார் என்ற கேள்விக்கு ரீயூனியன் தீவிலிருந்து ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் அத்தீவின் ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிக்குன்குனியாவால் பீடிக்கப்பட்டார்கள். 2010இல் வெளியான ஆய்வின்படி, நோய் தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் கழிந்தும் வலி தீராத ஒருவருடைய மூட்டுச் சவ்வின் சிறு துணுக்கை எடுத்து, வைரஸின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைக்கொண்டு அடையாளமிட்டுப் பார்த்தபோது, இரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கணுக்களுக்குள் வைரஸின் எச்சம் தென்பட்டது. கூன்ஸ் இருதய முடிச்சில் தேடிய அதே வகை எச்சம், வேறொரு கிருமியின் பெயரில், மூட்டுக்குள் இருந்தது. ஆனால் அது ஒரு நோயாளியின் துணுக்கு. வலி தீர்ந்துபோனவர்களுடைய மூட்டிலும் அத்தகைய எச்சம் உண்டா, இல்லையா என்பதைப் பார்த்தால்தான் அத்தடயத்துக்குப் பூரணமான மதிப்புக் கிடைக்கும். நலமடைந்தவரிடம் மூட்டுச் சவ்வைக் கேட்டு வாங்குவது எளிதன்று என்பதனால், குரங்கிலும் சுண்டெலியிலும் அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் கண்டதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.