ஜீப்புக்குள் இன்னொரு எஞ்சின்

நம் ஊரில் ஜீப் என்றதும் கண்ணில் வரும் உருவத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: உயரத் தூக்கிய பானெட். போலீஸ் ஸ்டேஷன் வாசலில், தாலுகா ஆபீஸ் மரத்தடியில், எஸ்டேட் பாதையில் நின்ற ஜீப்புகளுக்கெல்லாம் அந்த முகம்தான். இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜீப்புக்கு அது கிடையாது. அதன் பானெட் தாழ்வாக, தட்டையாக இருக்கும். இந்த உயரத்தை யாரும் அழகுக்காகச் சேர்க்கவில்லை. உள்ளே எஞ்சின் மாறியது, புது எஞ்சின் உயரம் கூடுதல், அதை மூட பானெட்டும் உயர்ந்தது.

போர்க்கால ஜீப்பின் எஞ்சினுக்கு ‘கோ டெவில்’ என்று பெயர். வில்லிஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் தேற்றி எடுத்தது. 4 சிலிண்டர், 2,199 சிசி, 60 குதிரைத்திறன். காற்றை உள்ளே விடும் வால்வு, புகையை வெளியே தள்ளும் வால்வு இரண்டும் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே உட்கார்ந்திருந்தன. ஹெட் என்பது மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். எஞ்சின் குட்டையாக இருந்தது. ஆனால் காற்று வளைந்து திரும்பித்தான் சிலிண்டருக்குள் போக முடியும். 1950-ல் வந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினில், கொள்ளளவை மாற்றாமல் காற்று வால்வை மட்டும் சிலிண்டருக்கு நேர் மேலே கொண்டுபோனார்கள். பெரிய வால்வு வைக்க இடம் கிடைத்தது. காற்று தாராளமாக வந்தது. திறன் 70 குதிரைக்கு மேல் போனது. கூடவே எஞ்சினின் உயரமும் ஏறியது. 1953-ன் சிஜே-3பி மாடலுக்கு அந்த பானெட் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் அந்த மாடல் 1968-ல் நின்றுவிட்டது. 1947-லிருந்தே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிவந்த மஹிந்திரா அதை இங்கே மேலும் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது.

ஒரு வால்வு இடம் மாறியதற்கே வண்டியின் முகம் மாறியது என்றால், எஞ்சினையே தூக்கிவிட்டு வேறு இனத்து எஞ்சினை வைத்தால் எவ்வளவு மாறும்? கம்பத்திலும் போடியிலும் மலையடிவார ஒர்க்‌ஷாப்புகள் சந்தித்த கேள்வி இதுதான். அங்கிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகளுக்கு பெட்ரோல் கட்டுப்படியாகாது. டீசல் எஞ்சின் வேண்டும். மஹிந்திராவே அந்த வழியில்தான் போனது. 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடனும் வோல்டாஸுடனும் சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கியது. பி-275 டிராக்டரின் வழிவந்த 2,350 சிசி டீசல் எஞ்சின் பிற்பாடு ஜீப்புக்குள் வந்தது. 1979-ல் பிரான்சின் பெஜோவிடமிருந்து எக்ஸ்டிபி 4.90 என்ற 2,112 சிசி டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. கம்பெனி இப்படிச் செய்ததைப் பார்த்து, பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களும் தங்கள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு உள்ள வேறுபாடு வெப்பத்தில் தொடங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றைச் சட்டென்று அழுத்தினால், நாம் செய்த வேலை அதற்குள் வெப்பமாகச் சேர்கிறது. ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அழுத்தும். அதற்கு மேல் அழுத்தினால் அந்தக் காலத்து பெட்ரோல் வேளை வருமுன்பே வெடித்துத் தட்டும். ஆகவே ஓரளவோடு நிறுத்தி, பிளக்கில் பொறி கொடுத்துப் பற்றவைக்கிறோம். டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் இழுத்து, இருபதில் ஒரு பங்குக்குப் பக்கமாக நசுக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் கணத்தில் நோசில் டீசலைப் புகையாகப் பீய்ச்ச, அது தானே பற்றிக்கொள்கிறது. காயிலும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பெட்ரோல் ஜீப் காட்டாற்றில் இறங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போய் நடு ஆற்றில் நின்றுவிடும். டீசல் ஜீப்புக்கு அந்தப் பயம் கிடையாது. காற்று இழுக்கும் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும்.

ஆனால் இந்த அழுத்தத்தைத் தாங்க எல்லாமே தடிமனாக இருக்க வேண்டும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாம் கனம். கனமான பொருளை வேகமாக மேலும் கீழும் ஓட்ட முடியாது. ஆகவே டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் பலமாகத் தள்ளும். எஞ்சின் மாற்றத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிஜே-3பி ஜீப்பில் முதல் கியர் 2.8 மடங்கு, ‘லோ’வில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னொரு 2.46 மடங்கு, அச்சில் உள்ள கிரவுன் பினியன் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் நகரும். பக்கத்தில் நடந்து போகிறவர் முந்திவிடுவார். அந்த வேகத்தை விட்டுக்கொடுத்து வாங்கியது வலு. ஹரிக்கேன் எஞ்சினின் முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர் அளவு. அதுவும் 37 மடங்காகிறது. உராய்வில் போனது போக, ஒன்றரை டன் எடைக்கு நிகரான விசை சக்கரங்களில் கிடைக்கும். வண்டியின் எடையோ ஒரு டன்னை ஒட்டித்தான். தரை டயரைப் பிடிக்கும் பிடி தீர்ந்துபோகுமே தவிர, எஞ்சினின் வலு தீராது. மலைப்பாதையில் ஜீப் திணறுவது பெரும்பாலும் சேற்றிலும் சரளையிலும் சக்கரம் வழுக்குவதால்தான். ‘பவர் பத்தலை’ என்று எஞ்சின் மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் டயரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதே 5.38 டாப் கியரில் தகராறு செய்கிறது. பெட்ரோல் எஞ்சின் 3,300 சுற்று போனால் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும். அந்த இடத்தில் 2,000 சுற்றையொட்டி நிதானமாக உழுது பழகிய டிராக்டர் எஞ்சினை வைத்தால், அதே 2,000 சுற்றில் வேகம் 50-ஐக்கூடத் தொடாது. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தி எஞ்சினை அலறவைப்பார். அதன் ஆயுள் அங்கே தேயும். தெரிந்த மெக்கானிக் எஞ்சினோடு கிரவுன் பினியனையும் மாற்றச் சொல்வார். போர்க்கால ஜீப்பில் இருந்தது 4.88. அப்படி எண் குறைந்த ஜோடியைப் போட்டால் எஞ்சின் நிதானமாகச் சுற்ற, வண்டி விரைந்து ஓடும். முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஒரே ஜோடி போட வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் வேறு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். ஏதோ ஒன்று உடையும்.

இறக்கத்தில் டீசல் எஞ்சின் வண்டியை நன்றாகப் பிடிக்கும், அழுத்தம் அதிகம் அல்லவா என்பார்கள். பாதிதான் உண்மை. அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனை மறுபடி கீழே தள்ளி, வாங்கிய வேலையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் பெட்ரோல் எஞ்சினில்தான், காலை எடுத்ததும் கார்புரேட்டரின் தகடு மூடி, பிஸ்டன் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டி வேகத்தைத் தின்கிறது. டீசல் ஜீப் இறக்கத்தில் அடக்கமாக இறங்குவதற்கு அதன் உராய்வும், அதை 37 மடங்காக்கும் லோ கியரும் காரணம். ஏற்றத்தில்தான் டீசலின் தனிக்குணம் தெரியும். எரிபொருள் பம்பில் கவர்னர் இருக்கிறது. சுழலும் சிறு எடைகள் வேகம் கூடினால் விரியும், குறைந்தால் ஒடுங்கும். ஒடுங்கும்போது டீசலைக் கூட்டிவிடும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குச் செய்த அதே ஏற்பாடு. இதனால் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே, ஒரு பாறைமேல் சக்கரம் ஏறும்போது எஞ்சின் தானே கொஞ்சம் டீசல் வாங்கிக்கொண்டு ஏற்றிவிடும். கொழுக்குமலைப் பாதையில் லோ கியரில் ஊர்ந்து ஏறும் ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர் அதை இடுப்பில் உணரலாம்.

இனி ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்தாயிற்று. புது எஞ்சினின் பின்முகத்தில் உள்ள போல்ட் ஓட்டைகளும் ஜீப்பின் கியர்பாக்ஸ் ஓட்டைகளும் சேராது. நடுவே ஒரு இரும்புத் தட்டு வேண்டும். அடாப்டர் பிளேட். லேத்துக்காரர் அதை ஒரு பகலில் கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் எஞ்சின் மாற்றம் வாழ்வதும் சாவதும் அந்தத் தட்டில்தான். கிராங்க் சுற்றும் மையக்கோடும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுற்றும் மையக்கோடும் ஒரே கோடாக இருக்க வேண்டும். எவ்வளவு துல்லியமாக? ஒரு தலைமுடியின் கனத்தளவு விலகல்தான் பொறுக்கும்.

அதை அளக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஃப்ளைவீலின் மேல் காந்தக் காலில் டயல் கேஜைப் பொருத்துகிறார் மெக்கானிக். அதன் முனை, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்விளிம்பைத் தொட்டபடி இருக்கிறது. பையன் கிராங்கைக் கையால் மெல்லத் திருப்புகிறான். முள் பூஜ்யத்திலிருந்து நகர்ந்து 20-க்குப் போய்த் திரும்புகிறது. ஒரு கோட்டுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர். மொத்த ஆட்டம் 0.2 மில்லிமீட்டர். மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.1. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு; மறுபடி சுற்று; மறுபடி முள். சரியாக வந்ததும் அந்த நிலையிலேயே துளையிட்டு டவல் பின் அடித்துவிடுகிறார். இனி எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்தில்தான் உட்காரும். இதைச் செய்யாமல் ஓட்டைகள் சேர்ந்ததே போதும் என்று பூட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் சற்றே வளைந்து நிமிரும். சில மாதத்தில் கிளட்ச் பிளேட்டின் பல் தேயும், கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும், கியர் தானாக விழும். பழி கியர்பாக்ஸ் மேல் போகும்.

தட்டின் கனமும் அதே அளவு முக்கியம். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு, கிராங்கின் கடைசியில் உள்ள சிறு பேரிங்குக்குள் போதிய ஆழம் நுழைய வேண்டும். அடியில் போய் முட்டவும் கூடாது. தட்டு மெலிந்து முட்டிவிட்டால் ஷாஃப்ட் கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்க் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர் கரைந்துபோகும்.

அப்புறம் இடத்தகராறு. ஜீப்பின் முன்னச்சு எஞ்சினுக்கு அடியிலேயே ஓடுகிறது. வண்டி நிற்கும்போது ஆயில் சம்புக்கும் அச்சுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரியும். பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது அது காணாமல் போகும். ஆகவே சம்பை வெட்டி வேறு வடிவில் பற்றவைக்கிறார்கள். ஆயில் உறிஞ்சும் குழாயும் அதற்கேற்ப மாற வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்கும்போது குழாய் காற்றை இழுத்தால் பேரிங்குகள் போய்விடும். கனமான எஞ்சினுக்காக முன்பக்கம் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

அதிர்வுக்குத் தனிப் பாடம் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச்சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 700 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது வினாடிக்கு 23 குத்து; டீசலில் ஒவ்வொன்றும் பலமானது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போதிய அளவு மிருதுவாக இருந்தால்தான் அந்தக் குத்து சேசிஸுக்குப் போகாது. எஞ்சின் ஆடுகிறதே என்று கெட்டி ரப்பராகப் போட்டால் குத்துகளுக்கு இசைந்து எஞ்சினும் ரப்பரும் சேர்ந்தே ஆடத் தொடங்கும். பற்றவைத்த பிராக்கெட் விரிசல் விடும். ஆடவிட்டால்தான் அடங்கும் என்பதை நம்பவைக்க வண்டிக்காரரோடு மெக்கானிக் அரை நாள் வாதாட வேண்டியிருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பது மேல் என்றே சொல்வேன். பழைய எஞ்சின் சாவதில்லை, தேய்கிறது. சிலிண்டர் எங்கும் ஒரே மாதிரித் தேய்வதும் இல்லை. மேலே, பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில், சூடும் அழுத்தமும் உச்சம், ஆயில் படலம் மெல்லிசு. தேய்மானம் அங்கேதான் ஆழம். இருபது, நாற்பது, அறுபது என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணி போர் அடித்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் மேல் போனால் ஸ்லீவ் இறக்கி முதல் அளவுக்கே திரும்பலாம். போர் அடித்த சுவரை வழவழவென்று விடக்கூடாது. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போடுகிறார்கள். அந்தக் கீறல்களில் தங்கும் ஆயில்தான் ரிங்கைக் காப்பாற்றுகிறது. சுவர் பளபளத்தால் ஆயில் நிற்காது, ரிங்கும் படியாது.

மாற்றியே தீர வேண்டும் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கேட்பதும் பாடாகிவிடும். இறக்கிய எஞ்சினைத் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி, வாய்களை அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வைத்து, அவ்வப்போது கிராங்கை ஒரு சுற்று சுற்றிவையுங்கள். வண்டியோடு பிறந்த எஞ்சின் எண் அதன் பிளாக்கில் இருக்கிறது. மகனோ மகளோ பழையபடி பூட்ட நினைத்தால் கையில் இருக்கும்.