பத்திக் துணி வாங்கிக் கொடுத்த நிலம்

ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் போன மாதம் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்: "அப்பா, நான் எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு அப்ளை பண்ணப் போறேன்." என் வாயில் முதலில் வந்தது, "சரிம்மா, சோத்துக்கு என்ன பண்ணுவே?" கேட்ட விதம் தப்பு என்று உடனே உறைத்தது. ஆனால் கேள்வி தப்பில்லையே? சென்னையில் இதற்கு யாராவது விடை கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். தேடல் ஈசிஆரில், ஈஞ்சம்பாக்கத்தில் போய் நின்றது: சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

கதை அதே எழும்பூர் கல்லூரியில்தான் தொடங்குகிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957-ல் அதன் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். குடும்பச் சூழலால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. அதனால் சோற்றுக் கேள்வி அவருக்குப் புதிதில்லை.

1960-களின் மெட்ராஸில் நவீன ஓவியத்துக்கு வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு. படித்து முடித்த பையன்கள் எங்காவது வேலை தேடிப் போவார்கள். தூரிகை மெல்ல மூலைக்குப் போய்விடும். பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், படிக்க முடியாத எழுத்துகள். விற்குமா என்று கவலைப்படாமல் அதை வரைய அவரால் முடிந்ததற்கு மாதச் சம்பளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சம்பளமில்லாத மாணவர்களுக்கு அதே சுதந்திரத்தை எப்படிக் கொடுப்பது?

விடை, பத்திக். துணியில் உருக்கிய மெழுகால் கோலம் போட்டு, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நிறத்துக்கும் திரும்பவும் மெழுகு, திரும்பவும் சாயம். கடைசியில் மெழுகை உருக்கி எடுத்தால் டிசைன் தெரியும். கை ஓடும் ஆளுக்கு இது சுலபமாக வரும். ஓவியம் வாங்காத வீட்டுக்காரர்கூட பத்திக் துணி வாங்குவார். ஓவியர்கள் சங்கமாகச் சேர்ந்து இந்த மாதிரிக் கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-ல் கிராமத்தைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே வெறும் மணல்மேடு.

ஒரு இன்ஜினியராக எனக்கு இதில் பிடித்தது இரண்டு விஷயம். முதலாவது, சந்தையின் அழுத்தத்தைப் பத்திக் வாங்கிக்கொண்டது. ஓவியத்தின் மேல் அது விழவில்லை. எந்த நிறம் விற்கும் என்ற கணக்கெல்லாம் துணியோடு நின்றுவிட்டது. இரண்டாவதுதான் முக்கியம்: அவர்கள் வருமானத்தை மட்டும் பார்க்கவில்லை, செலவைக் குறைத்தார்கள். சொந்த வீடு, பக்கத்திலேயே வேலை செய்ய இடம், வாடகை இல்லை. படம் விற்காத மாதத்தையும் தள்ளிவிடலாம்.

இதை இன்று அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஈசிஆரில் மனை விலை என்ன என்று நமக்கே தெரியும். பத்திக் விற்று அரை கிரவுண்டு வாங்குவதும் கஷ்டம். ஆனால் தத்துவம் பழசாகவில்லை: சம்பாதிக்கும் வேலை ஒன்று, தனக்கான வேலை ஒன்று, மாதச் செலவு சின்னதாக.

போன ஞாயிறு மகளை அங்கே கூட்டிப்போனேன். பணிக்கர் காலத்து ஓவியர்களின் வேலைகளை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வெளியே மரத்தடியில் சிற்பங்கள். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் இந்தக் கிராமத்துச் சிற்பிதான். உலோகத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தவர். மகள் அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.

திரும்பி வரும்போது கேட்டாள், "இப்ப என்னப்பா சொல்றீங்க?"

"அப்ளை பண்ணு. கூடவே உன்னோட பத்திக் எதுன்னு யோசி" என்றேன்.

"வீடியோ எடிட்டிங்" என்றாள். ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள்.