குழந்தைக்குக் கோபம் வந்தால்...

மாலை ஆறரை மணி. சாலைக் கடைவீதியில் நாள் முழுவதும் கணக்கெழுதிவிட்டு, கரமனையிலுள்ள வாடகை வீட்டுக்குத் திரும்புகிறார் ஒரு தகப்பனார். உள்ளே நான்கு வயது மகன் தரையில் புரண்டு கதறிக் கொண்டிருக்கிறான். காரணம் அற்பமானது. அவன் அடுக்கி வைத்திருந்த தீப்பெட்டி ரயிலைத் தங்கை கலைத்துவிட்டாள். அவன் அவள் கையைக் கடித்துவிட்டான். அலுத்து வந்த தகப்பனார் கையை ஓங்குகிறார். முதுகில் ஓர் அடி. சத்தம் நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் நடப்பதுதான் இது. சத்தம் நின்றது உண்மை. கோபம் நின்றதா? பெரியவனுக்குக் கோபம் வந்தால் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டான்.

பார்த்துப் படிக்கும் பாடம்

இது வெறும் ஊகம் அல்ல. ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனையை 1961-ல் வெளியிட்டார்கள். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தன. பிறகு ஆசையான விளையாட்டுச் சாமான்கள் மறுக்கப்பட்டு எரிச்சலுற்றபோது, அவற்றில் பல அதே மாதிரி பொம்மையை அடித்தன. அமைதியான பெரியவரைப் பார்த்த குழந்தைகளிடம் அந்த முரட்டுத்தனம் மிகக் குறைவாகவே இருந்தது.

நேரமும் ஒரு காரணம்

அதற்கும் முன்பே, 1931-ல், ஃப்ளாரன்ஸ் குடினஃப் என்ற அம்மையார் குழந்தைகளின் கோபத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 45 குழந்தைகளின் பெற்றோர் வீட்டிலேயே குறித்து வைத்த 1,878 கோப நிகழ்ச்சிகளை அவர் ஆராய்ந்தார். இரண்டாவது வயதில்தான் கோபம் உச்சத்தில் இருந்தது. சாப்பாட்டு வேளை நெருங்கும்போதும், தூக்கம் கெட்ட நாளிலும், சளி பிடித்த நாளிலும் கோபம் மிகுந்தது. பெரும்பாலான கோபங்கள் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன.

கரமனை வீட்டு ஆறரை மணிக்கும் இது பொருந்தும். பிள்ளைக்குப் பசி, தாயாருக்கு அடுப்படி வேலை, தகப்பனாருக்கு அலுப்பு. ஐந்தரை மணிக்கே ஒரு வாழைப்பழம் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திராது.

வார்த்தை வேண்டும்

இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு தவிப்பும் உண்டு. வீட்டில் 'பசி', அங்கன்வாடியில் 'விசப்பு'. வீட்டில் 'பயம்', அங்கே 'பேடி'. இரண்டு மொழி கேட்டு வளர்வது குறையல்ல. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு, "அது என்னுடையது, கொடு" என்று கேட்கத் தெரியாத இடத்தில் கைதான் முந்திக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை, கோபத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பது. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "ரயிலைக் கலைச்சுட்டாளா? அதான் உனக்குக் கோபம்" என்றால் போதும். அடுத்தது எல்லை. "கோபப்படலாம், கடிக்கக் கூடாது." உபதேசம் எல்லாம் அழுகை அடங்கிய பிறகுதான். கத்தும்போது சொல்வது காதில் ஏறாது.

சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் மெல்ல ஊதச் சொல்லிப் பழக்கலாம். இதை அமைதியான நேரத்தில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால்தான் கோபம் வரும்போது கைகொடுக்கும். தாயார் மறுத்ததைத் தகப்பனார் வாங்கித் தருவதும், நேற்று மறுத்ததை இன்று அழுகைக்குப் பயந்து கொடுப்பதும் கூடாது. அழுதால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை அழாமல் இருக்காது.

எப்போது வைத்தியரிடம்?

ஐந்து வயதைத் தாண்டியும் கோபம் தணியாமல் வளர்ந்தால், தன்னையோ பிறரையோ அடிக்கடி காயப்படுத்தினால், அல்லது பேச்சு வரத் தாமதமானால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கோபக்காரப் பிள்ளையாகத் தோன்றலாம். இத்தகைய குறைகளைக் கவனிக்கவே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-ல் கேரள அரசு குழந்தை வளர்ச்சி மையத்தை நிறுவியது. அங்கே போவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஔவையாரின் ஆத்திசூடியில் இரண்டாவது பாடமே சினத்தைப் பற்றியது. நம் பிள்ளைகள் அதை மழலையில் ஒப்பிக்கிறார்கள். ஆனால் சினத்தைத் தணிப்பது எப்படி என்பதை அவர்கள் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். கடையின் அலுப்போடு வரும் தகப்பனார் வாசலில் ஒரு நிமிடம் நின்று, மூச்சை விட்டு, பிறகு உள்ளே போகட்டும். தவறிக் கை நீட்டிவிட்டாலும், "அப்பா அடிச்சது தப்பு" என்று பிள்ளையிடம் சொல்லட்டும். அதனால் தகப்பனாரின் மரியாதை குறைந்துவிடாது.